தமிழில் ஸ்லைடு தயாரிப்பது: கடைசி வரிசைக்கும் தெரியும்படி, படிப்படியாக

புதிதாக ஸ்லைடு செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் பவர்பாயிண்டைத் திறப்பார்கள். டெம்ப்ளேட் தேடுவதில் பாதி நாள் போய்விடும். பிறகு வேர்டு கோப்பிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டுவார்கள். இடம் போதாது, எழுத்தைச் சுருக்குவார்கள். கடைசியில் மேடையில் திரையைப் பார்த்துப் படித்துக்காட்டுவார்கள். இதில் முதல் தவறு வரிசைதான். டெம்ப்ளேட் முதலில் வந்தால் சொல்ல வேண்டியது அதன் பெட்டிகளுக்குள் அடைபட வேண்டியிருக்கிறது.

பேச்சு தெளிவாக இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அசோசியேஷன் கூட்டத்தில், அடைத்துக்கிடக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளைச் சீர்செய்யப் பணம் ஒதுக்கச் சொல்லி நீங்கள் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். கீழே வரும் மெனுப் பெயர்கள் விண்டோஸ் பவர்பாயிண்டில் உள்ளவை. கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரே ஆபிஸ் இரண்டிலும் பெயர் மாறும், வேலை மாறாது.

தொடங்கும் முன் தெரிய வேண்டியவை

அறை எப்படிப்பட்டது? திரை எவ்வளவு அகலம், கடைசி நாற்காலி எவ்வளவு தூரம், பகலா இரவா, ஜன்னலுக்குத் திரைச்சீலை உண்டா? எழுத்தின் அளவையும் நிறத்தையும் இந்த விவரங்கள்தான் தீர்மானிக்கின்றன. இதைக் கேட்காமல் தொடங்குபவர்கள் கடைசி நாளில் எல்லா ஸ்லைடையும் திருத்துகிறார்கள்.

புரொஜெக்டரா, டிவியா? பழைய புரொஜெக்டர்கள் பலவற்றின் விகிதம் 4:3. இன்றைய டிவி எல்லாம் 16:9.

யாருடைய கணினியில் ஓடப்போகிறது? உங்கள் லேப்டாப் என்றால் கவலை குறைவு. அங்கே இருக்கும் கணினி என்றால் எழுத்துருப் பிரச்சினைக்கு இப்போதே தயாராக வேண்டும்.

அப்புறம், உங்களிடம் இருக்கும் தமிழ் உரை, எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அப்படிப்பட்ட உரை இருந்தால், ஸ்லைடில் ஒட்டும் முன்பே ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றுவது இரட்டை வேலை.

1. முதலில் வாக்கியங்கள், தாளில்

ஒரு தாளை எடுத்து, கேட்பவர்கள் வெளியே போகும்போது எதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில்: "தொட்டியைத் தூர்வார இந்த மாதமே பணம் ஒதுக்க வேண்டும்." இந்த வரி கிடைக்காதவரை மென்பொருளைத் திறக்க வேண்டாம்.

அடுத்து, அந்த முடிவுக்கு ஆட்களைக் கொண்டுவர என்னென்ன சொல்ல வேண்டுமோ அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக முழு வாக்கியங்களாக எழுதுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து வாக்கியம் போதும். ஒவ்வொன்றையும் விளக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், கேள்விக்கும் நேரம் வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு ஸ்லைடு.

முழு வாக்கியம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "மழைநீர் சேகரிப்பு – ஓர் அறிமுகம்" என்பது எதையும் சொல்வதில்லை. அதன்கீழ் எதை வேண்டுமானாலும் கொட்டலாம், கொட்டவும் செய்கிறோம். "நம் மாடியில் ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டர் மழைநீரைச் சேகரிக்கலாம்" என்று தலைப்பு வைத்தால், கீழே என்ன படம் வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அந்த வரியை நிரூபிக்காத எதற்கும் அங்கே இடமில்லை.

எழுதி முடித்ததும் வாக்கியங்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். கதைபோல ஓட வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் "அதனால் என்ன?" என்று தோன்றினால் நடுவில் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது என்ற செய்தி பேச்சில் ஒரு வாக்கியமாக வந்தால் போதும். அதற்கென்று ஒரு ஸ்லைடு வைத்தால், அங்கிருப்பவர்களுக்குத் தெரிந்ததையே அவர்களுக்குச் சொல்வதாகிவிடும்.

2. ஸ்லைடு அளவையும் மாஸ்டரையும் முதலிலேயே முடியுங்கள்

டிசைன் மெனுவில் ஸ்லைடு சைஸ் என்பதில் விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் முடிந்தபின் 16:9-ஐ 4:3 ஆக்கினால் பெட்டிகள் இடம் மாறும், எழுத்து சுருங்கும், ஒவ்வொரு பக்கத்தையும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

பிறகு வியூ மெனுவில் ஸ்லைடு மாஸ்டர். இதைத் தொடாமலே பலர் ஆண்டுக்கணக்கில் ஸ்லைடு செய்கிறார்கள். தலைப்பின் இடம், எழுத்துரு, அளவு, வரி இடைவெளி, பின்புலம் எல்லாவற்றையும் இங்கே ஒருமுறை வைத்துவிட்டால் எல்லா ஸ்லைடுக்கும் வந்துவிடும். மாஸ்டரைத் தொடாமல் ஒவ்வொரு ஸ்லைடிலும் டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டுத் தலைப்பு எழுதுபவர்களின் தலைப்பு, பக்கம் மாறும்போதெல்லாம் கொஞ்சம் மேலும் கீழும் குதிக்கும். ஏதோ சரியில்லை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது.

தேவைப்படும் அமைப்புகள் மூன்றே: தலைப்பும் பெரிய படமும், தலைப்பும் சார்ட்டும், நடுவில் ஒரே ஒரு பெரிய எண். டெம்ப்ளேட்டோடு வரும் மற்ற அமைப்புகளை நீக்கிவிடலாம். அசோசியேஷன் லோகோவை ஒவ்வொரு பக்கத்திலும் வைக்கச் சொல்வார்கள். முதல் ஸ்லைடில் வையுங்கள், போதும். தாங்கள் எந்தக் குடியிருப்பில் இருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

3. தமிழ் எழுத்துரு

இங்கேதான் தமிழ் ஸ்லைடுகள் அதிகம் சறுக்குகின்றன, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யுஐ கணினியோடு வருகிறது. அதற்கு முன் லதாவும் விஜயாவும் இருந்தன. பிறர் கணினியில் ஓட்டப்போகிறீர்கள், அது விண்டோஸ் என்று தெரியும் என்றால் நிர்மலா யுஐதான் பத்திரமான தேர்வு. கொஞ்சம் தனித்துவம் வேண்டும் என்றால் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய தலைப்புக்கு மட்டும் பலூ தம்பி நன்றாக இருக்கும். பத்திக்கு அதைப் போட்டால் படிக்கிறவர் களைத்துவிடுவார்.

நோட்டோவை இறக்கினால் ஜிப் கோப்புக்குள் எடை (அதாவது தடிமன்) மாறும் எழுத்துருக் கோப்பு ஒன்றும், ஸ்டேட்டிக் என்ற ஃபோல்டரும் இருக்கும். அந்த ஃபோல்டரில் உள்ளவற்றை நிறுவுங்கள். எடை மாறும் எழுத்துருவைப் பவர்பாயிண்ட் சரியாகக் கையாள்வதில்லை. தடித்த எழுத்து கேட்டால் வேறு ஏதோ வரும்.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு: தமிழ் உரையைத் தேர்ந்து, பட்டியலில் காலிப்ரி அல்லது பாப்பின்ஸ் என்று கொடுப்பது. அவற்றில் தமிழ் எழுத்துகளே கிடையாது. பெயர் மாறியது போலக் காட்டும். ஆனால் கணினி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டிருக்கும். இன்னொரு கணினியில் அது வேறொன்றை எடுக்கும், வரி உடையும் இடம் மாறும், கடைசி வரி பெட்டிக்கு வெளியே தொங்கும். எனவே தமிழ் உள்ள எழுத்துருவைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். ஒட்டிய உரையில் பல எழுத்துருக்கள் கலந்திருந்தால், ஹோம் மெனுவில் ரிப்ளேஸ் என்பதற்குள் ரிப்ளேஸ் ஃபான்ட்ஸ் இருக்கிறது. ஓர் எழுத்துருவுக்கு ஒருமுறை கொடுத்தால் கோப்பு முழுவதும் அது மாறிவிடும்.

சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் இல்லாததால் மென்பொருள் எழுத்தை அப்படியே சரித்துவிடுகிறது, ழகரமும் ணகரமும் விழப்போவது போலத் தெரிகின்றன. அழுத்தம் காட்ட ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எழுத்தாவது உண்டு. நமக்கு அதுவும் இல்லை. மீதமிருப்பது அளவு, தடிமன், நிறம். ஓர் இடத்தில் இவற்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

4. அளவும் வரி இடைவெளியும்

ஆங்கிலத்தில் எழுத்தின் அளவு 24 புள்ளி (பாயிண்ட்) போதும் என்பார்கள். தமிழில் ஓர் எழுத்துக்குள் கோடுகளும் சுழிகளும் அதிகம். "ணை", "ஞ", "ஜூ" போன்றவை சின்ன அளவில் கறையாகிவிடும். உரைக்கு 28, தலைப்புக்கு 36 முதல் 40 என்று தொடங்குங்கள். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்: அதே 28-இல் விஜயா, லதாவைவிட நன்றாகச் சிறுத்துத் தெரியும். கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வரி இடைவெளியை 1.2 அல்லது 1.3 ஆக வையுங்கள். மேல் வரியில் "கூ", "ழு" போன்றவற்றின் வால் கீழே இறங்கும். கீழ் வரியில் "கி", "தீ" போன்றவற்றின் கொக்கி மேலே ஏறும். ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் இடைவெளி பெரும்பாலும் 0.9-ஆக இருப்பதால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

இருபுறமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபை வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு வரியில் மூன்றே சொல் வரும்போது நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் ஒட்டிய உரை போதும்.

தலைப்பு இரண்டு வரியானால் எங்கே உடைய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து ஷிஃப்ட் + என்டர் தட்டுங்கள். "ஆண்டுக்கு 1" என்று ஒரு வரி முடிந்து "லட்சம் லிட்டர்" அடுத்த வரிக்குப் போனால் கண் தடுக்கும்.

இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள். பவர்பாயிண்டே உரையைத் தானாகச் சுருக்கும் ஆட்டோஃபிட் வசதி வைத்திருக்கிறது. மாஸ்டரில் அதை அணைத்துவிடுங்கள். அப்போதுதான் அதிகம் எழுதிவிட்டோம் என்பது கண்ணில் படும். "மேற்கொள்ளப்பட வேண்டிய நடவடிக்கைகள்" என்பதை "இனி செய்ய வேண்டியவை" என்று எழுதினால் அரை வரி மிச்சம். அலுவலகத் தமிழ் ஸ்லைடில் இடத்தைத் தின்னும்.

5. நிறம்

புரொஜெக்டரால் கறுப்பு ஒளியை வீச முடியாது. கறுப்பு என்று நீங்கள் வைக்கும் இடத்தில் ஒளி விழுவதில்லை, அவ்வளவுதான். அங்கே தெரிவது அறை வெளிச்சத்தில் திரை எப்படி இருக்குமோ அந்த நிறம். லேப்டாப்பில் கம்பீரமாக இருக்கும் கருநீலப் பின்புலம் பகல்வேளை அறையில் சாம்பலாக வெளிறுவது இதனால்தான். வெளிச்சமான அறை என்றால் வெள்ளை அல்லது வெளிர் பின்புலமும் அடர்ந்த எழுத்தும். இருட்டான அரங்கம் என்றால் அடர் பின்புலம் வைக்கலாம். டிவி என்றால் இரண்டும் சரி, ஜன்னல் அதில் பிரதிபலிக்காத வரை.

மூன்று நிறம் போதும்: பின்புலம், எழுத்து, அழுத்தம். அழுத்த நிறம் ஒரு பக்கத்தில் ஓர் இடத்தில்தான் வர வேண்டும், நான்கு இடத்தில் வந்தால் எதுவும் தனித்துத் தெரியாது. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகளில் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற ஒளி வேறுபாடு குறைந்தபட்சம். இதைக் கணக்கிடும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. புரொஜெக்டர் வெளிறச் செய்யும் என்பதால் நான் 7:1-க்குக் கீழே போவதில்லை. மஞ்சள் எழுத்தை வெள்ளையில் போடும் பழக்கம் மட்டும் ஏன் ஒழியவே மாட்டேன் என்கிறது என்று தெரியவில்லை.

சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்துப் பொருள் வேறுபடுத்தாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர் கூட்டத்தில் ஒருவராவது இருக்கலாம். நிறத்தோடு ஒரு சொல்லும் சேருங்கள்: "அடைப்பு", "சரி".

6. எதை எங்கே வைப்பது

ஆல்ட் + எஃப்9 தட்டினால் வழிகாட்டிக் கோடுகள் வரும். நான்கு பக்கமும் ஓரம் விட்டுக் கோடுகளை நகர்த்தி வையுங்கள், எந்தப் பொருளும் அதைத் தாண்டக் கூடாது. சில டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் காட்டும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

பொருள்களைக் கையால் நேராக்க முயல வேண்டாம். எல்லாவற்றையும் தேர்ந்து, ஷேப் ஃபார்மட் மெனுவில் அலைன் கொடுங்கள்; சம இடைவெளிக்கு டிஸ்ட்ரிபியூட். கையால் வைத்தது எப்போதும் ஒரு நூல் விலகித்தான் நிற்கும்.

காலி இடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு மூலை வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே ஒரு நீர்த்துளிப் பொம்மையைப் போடுவது புதியவர்களின் கை அரிப்பு. அது தலைப்போடு போட்டிபோடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது.

7. படங்கள்

நம் எடுத்துக்காட்டில் மிக வலுவான படம் இணையத்தில் இல்லை, உங்கள் கட்டடத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்து, சேறு நிறைந்த அந்தத் தொட்டியைப் படம் எடுங்கள். அளவு புரிய பக்கத்தில் ஒரு செங்கல்லோ அளவு நாடாவோ இருக்கட்டும். பொதுவான மழைப் படத்தைவிட "இது நம்முடையது" என்ற உறுத்தல் கூட்டத்தை அசைக்கும்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் முழுத்தரத்தில் வரும். முழுத் திரைப் படத்துக்கு 1920 x 1080 பிக்சல் போதும். அதைவிடப் பெரிய படங்கள் கோப்பைக் கனமாக்கும். பிக்சர் ஃபார்மட் மெனுவில் கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் சென்று 150 பிபிஐ (அங்குலத்துக்கு 150 பிக்சல்) கொடுங்கள். 16:9 ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம் என்பதால் அது 2,000 பிக்சலுக்கு வரும், திரைக்குத் தாராளம்.

அளவு மாற்ற மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் தொட்டியும் பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேனும் சப்பையாகிவிடுவார்கள். தேவையற்ற பகுதியை கிராப் செய்து எறியுங்கள். படத்தின்மேல் எழுத்து வைக்க வேண்டியிருந்தால், நடுவில் பாதி ஒளிபுகும் கறுப்புப் பட்டை ஒன்று போட்டு அதன்மேல் வெள்ளை எழுத்து. வெளிப் படம் தேவை என்றால் விக்கிமீடியா காமன்ஸில் தேடி, உரிமக் குறிப்பில் கேட்டிருந்தால் எடுத்தவர் பெயரைக் கீழே சின்னதாக இடுங்கள்.

8. எண்களும் சார்ட்டும்

எண்ணை அப்படியே வைத்தால் யாருக்கும் ஒட்டாது, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. பெருக்கினால் 1,30,000 லிட்டர். ஆவியாவதும் வழிவதும் போக ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்தாலும் 1 லட்சத்துக்கு மேல்.

இந்தக் கணக்கு முழுவதும் ஸ்லைடில் வரக் கூடாது. நடுவில் "1,00,000 லிட்டர்" என்று 100 புள்ளி அளவில், கீழே ஒரே வரி: "12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரி." கணக்கை நோட்ஸ் பகுதியில் எழுதிவையுங்கள். யாராவது ஓர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர் கட்டாயம் கேட்பார்.

சார்ட் தேவைப்படும் இடம் ஒப்பீடு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் செப்டம்பருக்குள் தூர்வார வேண்டும் என்பது உங்கள் வாதம். நான்கு பருவத்துக்கு நான்கு பட்டைகள். மூன்று சாம்பல் நிறத்தில், வடகிழக்கு மட்டும் அழுத்த நிறத்தில்.

சார்ட்டைச் செருகியதும் தானாக வரும் குறுக்குக் கோடுகள், சட்டம், நிற விளக்கப் பெட்டி எல்லாவற்றையும் அழியுங்கள். எண்ணையும் பெயரையும் பட்டையின்மேலேயே எழுதினால், பெட்டிக்கும் பட்டைக்கும் இடையே கண் ஓடத் தேவையில்லை. முப்பரிமாண வட்டம் வேண்டவே வேண்டாம்: சாய்வினால் முன்பக்கத் துண்டு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். எக்செல் அட்டவணையைப் படம் பிடித்து ஒட்டுவதும் வேண்டாம். செலவு விவரம் இருபது வரி என்றால் அதை அச்சடித்துக் கையில் கொடுங்கள், ஸ்லைடில் மொத்தத் தொகையும் ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்பதும் போதும்.

9. அனிமேஷன்

ஒன்றை விளக்கிய பிறகே அடுத்தது தெரிய வேண்டும் என்ற இடத்தில், சட்டென்று தோன்றவைக்கும் அப்பியர் போதும். மற்றவை தேவையில்லை. பறந்து வரும் எழுத்து, பழைய கணினியில் தடுமாறி வரும்.

10. ஆறடி தள்ளி நில்லுங்கள்

55 அங்குல டிவியின் அகலம் 4 அடி. கடைசி நாற்காலி 24 அடியில் இருந்தால், தூரம் அகலத்தைப் போல ஆறு மடங்கு. உங்கள் லேப்டாப் திரை சுமார் 1 அடி அகலம். எனவே ஸ்லைடை முழுத்திரையில் வைத்து, ஆறடி தள்ளி நின்று படியுங்கள். அங்கிருந்து தெரியாதது அரங்கத்தின் கடைசியிலும் தெரியாது. இந்த ஒரு சோதனை பத்து விதிகளை மிச்சப்படுத்தும். வயதானவர்கள் வரும் கூட்டம் என்றால் எட்டடி.

அப்புறம் ஸ்லைடு சார்ட்டர் பார்வையில் எல்லாவற்றையும் சின்னதாக ஒருசேரப் பாருங்கள். ஒன்று மட்டும் எழுத்தால் கறுத்துக் கிடந்தால் அதை இரண்டாகப் பிரியுங்கள்.

விஷயம் தெரியாத ஒருவரிடம் ஒரு ஸ்லைடை ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். தலைப்பில் உள்ளதைச் சொன்னால் சரி. "ஏதோ நீலமா இருந்துச்சு" என்றால் 1-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

11. கோப்பைக் கொண்டுபோவதும் அன்றைய நாளும்

ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் சேவ், அங்கே எம்பெட் ஃபான்ட்ஸ் என்பதை டிக் செய்து சேமியுங்கள். சில எழுத்துருக்களின் உரிமம் இதை அனுமதிக்காது, அதனால் பிடிஎஃப் பிரதி ஒன்றும் கட்டாயம் வேண்டும். பிடிஎஃப்பில் எழுத்து எங்கும் உடையாது. இரண்டையும் பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அரை மணி நேரம் முன்பே போய் இணைத்துப் பாருங்கள். விண்டோஸ் + பி (P) தட்டி எக்ஸ்டெண்ட் கொடுத்தால் திரையில் ஸ்லைடும் உங்கள் லேப்டாப்பில் குறிப்புகளும் தெரியும். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழு திரையில் எட்டிப்பார்க்க வேண்டாம்.

விவாதம் சூடாகும்போது பி (B) விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மீண்டும் தட்டினால் ஸ்லைடு வரும். கேட்கக்கூடிய கேள்விகளுக்கான ஸ்லைடுகளை, செலவுப் பிரிப்பு, கொட்டேஷன் ஒப்பீடு போன்றவற்றை, "நன்றி"க்குப் பின்னால் வைத்து எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி வந்ததும் அந்த எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம்.